புளிப்பைப் பிடித்துக்கொண்டு ஈரானியக் கடைக்குள் நுழைவது எப்படி

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், 39-ஆம் எண் பஸ் ஃபிஞ்ச் சாலை நெடுக ஓடி ஃபிஞ்ச் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து யங் தெருவில் வடக்கே ஸ்டீல்ஸ் பக்கம் நடந்தால் கடைப்பலகைகளில் பாரசீக எழுத்து வந்துகொண்டே இருக்கும். டொராண்டோவுக்குத் 'தெஹ்ராண்டோ' என்று ஒரு செல்லப்பெயர் இருப்பதே இந்த மாதிரி இடங்களால்தான். பஸ்ஸின் ஒரு பக்கம் நம் முருங்கைக்காய், மறுபக்கம் குங்குமப்பூ. ஆனாலும் நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் அந்தக் கடைகளைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே போனாலும் பிஸ்தா, பேரீச்சை இரண்டையும் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன், ஏனென்றால் மற்ற எதையும் என்ன செய்வதென்று தெரியாது.

எனக்குக் கடைசியில் வழி காட்டியது புளிப்பு. நாம் புளி, மாங்காய், எலுமிச்சை, தக்காளி, மோர் என்று ஐந்தாறு புளிப்பை மாற்றி மாற்றிச் சமைக்கிறோம் இல்லையா, அவர்களும் அப்படியேதான். புளிப்புகள் மட்டும் வேறு. காய்ந்த எலுமிச்சை, ஜெரெஷ்க் என்கிற சின்னச் சிவப்புப் பழம், மாதுளைப் பாகு, சுமாக் என்கிற புளிப்புப் பழப்பொடி, பழுக்காத திராட்சையின் சாறு, மோரிலிருந்து செய்கிற கஷ்க். இதோடு கட்டுக்கட்டாகக் கீரை, அப்புறம் சோறு. மிளகாய் பெரும்பாலும் கிடையாது, தெற்குக் கரையைத் தவிர. அதனால் 'பிரியாணி மாதிரி இருக்கும்' என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் வாயிலேயே சப்பென்று இருக்கும். 'மிளகாய் போடாத புளிக்குழம்பு வீட்டார்' என்று நினைத்துக்கொண்டு போங்கள், எல்லாம் புரியும். கடையில் இருக்கும் அத்தனை பொருளையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஒரு நடைக்கு ஒரு புளிப்பு, அதற்கு ஒரு சமையல், அவ்வளவுதான்.

முதல் நடை: ரொட்டி மட்டும்

முதல் தடவை பட்டியல் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். ரொட்டி, ஒரு பாலாடைக்கட்டி, ஒரு கட்டுக் கீரை. கொஞ்சம் பெரிய கடைகளில் அடுப்பு உள்ளேயே இருக்கும், சங்கக் சுட்டுக்கொண்டிருப்பார்கள். சங்கக் என்றால் கூழாங்கல் ரொட்டி. சூடேறிய சிறுகற்களின் மேல் மாவை விரித்துப் போட்டுச் சுடுவது, ஒரு ரொட்டி நம் கை நீளத்துக்கு வரும். சுட்டதும் கல்லைத் தட்டித்தான் கொடுப்பார்கள், ஆனாலும் ஒரு கல் எங்காவது ஒட்டியிருக்கும், வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் தடவிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, கடைவாய்ப் பல் ஒன்று அன்றிலிருந்து கொஞ்சம் குட்டையாக இருக்கிறது. சங்கக் சாயங்காலத்துக்குள் தோலாகிவிடும். சாப்பிட்டது போக மீதியை அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் போட்டுக்கொள்ளுங்கள். கல் பயம் இருந்தால் பர்பரி வாங்கலாம், தடியாக, மேலே வரிவரியாக, எள் தூவியிருக்கும். லவாஷ் மெல்லிசு, அது சோறு சமைக்கும்போது வேறொரு வேலைக்கு வரும்.

கீரைப் பக்கம் போனால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நம் ஊரில் கொத்தமல்லியும் புதினாவும் கொசுறு, அங்கே அவைதான் முதல் சரக்கு. தரே என்பது பூண்டுத்தாள் மாதிரி தட்டையான, வெங்காய வாடை அடிக்கும் இலை. ரெய்ஹான் என்பதை முகர்ந்து பாருங்கள், எங்கோ முகர்ந்த மாதிரி இருக்கும். அது நம் திருநீற்றுப்பச்சிலைதான், அதன் விதைதான் சப்ஜா. தர்கூன் என்று ஒன்று, லேசாகச் சோம்பு வாசம். இவை எல்லாவற்றையும் பச்சையாகக் கழுவித் தட்டில் குவித்து, முள்ளங்கி, வால்நட், பாலாடைக்கட்டி, ரொட்டியோடு வைப்பதற்குச் சப்ஜி கோர்தன் என்று பெயர். சமையலே வேண்டாம். ரொட்டியைக் கிழித்து, கட்டியைத் தடவி, இலையை அடுக்கிச் சுருட்டிச் சாப்பிடுங்கள், முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

எழுத்துத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், பாதி வார்த்தை நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. பாதாம் அங்கே பாதாம், பிஸ்தா பெஸ்தே, கிஸ்மிஸ் கெஷ்மெஷ், நான் ரொட்டி அங்கேயும் நான், பன்னீர் பனீர். ஆனால் அவர்கள் பனீர் என்று சொல்வது உப்புத் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கட்டி. அதை வாங்கிப் பட்டாணி போட்டுக் குருமா வைத்தால் உப்பில் வாய் வெந்துவிடும். நம்முடைய இன்னொரு பன்னீர், கல்யாண வீட்டில் தெளிப்பது, அங்கே கோலாப்.

படிக்கத் தெரியாததில் உண்மையில் சிக்கல் தருவது தேதி ஒன்றுதான். ஈரானிலிருந்தே வந்த பொட்டலமாக இருந்தால் காலாவதித் தேதி அவர்கள் நாட்காட்டியில் இருக்கலாம். 1404 என்று பார்த்துவிட்டு அறுநூறு வருடப் பழையது என்று பதறாதீர்கள். 621-ஐக் கூட்டினால் நம் வருடம் வரும், அவர்கள் புது வருடம் மார்ச் 20 அல்லது 21-இல் பிறக்கிறது, ஆகவே கடைசி இரண்டரை மாதத்துக்கு 622. எண்களும் அவர்கள் எழுத்தில் இருக்கும். ஒரு சின்னக் கோடு ஒன்று, வெறும் புள்ளி பூஜ்யம், தலைகீழ் இதயம் மாதிரி இருந்தால் ஐந்து. மீதியைக் கைபேசியில் படம் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவர் "காபெல் நதாரே" என்று சொன்னால், 'உங்களுக்குமுன் இது ஒன்றுமே இல்லை' என்று பொருள். சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இது தாரோஃப் என்கிற உபசாரம். நம் வீட்டில் புறப்படுகிற விருந்தாளியிடம் 'இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே' என்று சொல்கிற மாதிரி. சிரித்து, மறுத்து, காசைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது நடை: நம் புளியிலேயே தொடங்குங்கள்

எல்லோரும் புதியவர்களுக்கு ஜெரெஷ்க் சோற்றைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதல் சமையல் கலியே மாஹி. புஷெஹர், குஜஸ்தான், ஹோர்மோஸ்கான் என்று பாரசீக வளைகுடாக் கரையில் வைக்கிற மீன் குழம்பு, புளியும் மிளகாயும் போட்டது! பாரசீகத்தில் புளிக்குப் பெயர் தம்ரே ஹிந்தி, இந்தியப் பேரீச்சை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே புளி, பூண்டு, மஞ்சள், மிளகாய் எல்லாம் இருக்கிறது, கடையிலிருந்து வாங்க வேண்டியது ஒரே ஒரு பொட்டலம்தான்: ஷம்பலீலே, அதாவது காய்ந்த வெந்தயக்கீரை. கஸூரி மேத்தி இருந்தால் அதுகூட வேண்டாம்.

நாலு பேருக்கு அரைக் கிலோ கெட்டி மீன், வஞ்சிரம் கிடைத்தால் நல்லது. இரண்டு பெரிய கட்டுக் கொத்தமல்லி, ஆமாம் இரண்டு கட்டு, அலங்காரத்துக்கு இல்லை, குழம்பே அதுதான். பொடிப்பொடியாக நறுக்குங்கள், மிக்ஸியில் அரைக்காதீர்கள். பெரிய வெங்காயம் ஒன்றை எண்ணெயில் பொன்னிறமாக்கி, ஏழெட்டுப் பல் பூண்டைத் தட்டிப் போட்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், பிறகு கொத்தமல்லி முழுவதையும் கொட்டுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். பதினைந்து நிமிடம் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கீரை கரும்பச்சையாகி எண்ணெய் பிரியும். ஒரு கைப்பிடி ஷம்பலீலேயைக் கடைசி இரண்டு மூன்று நிமிடம் போட்டால் போதும், முதலிலேயே போட்டு நிறைய வறுத்தால் கசந்துவிடும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி உப்புப் போட்டு அரைமணி நேரம் கொதித்துச் சுண்டட்டும். மீன் கடைசி பத்து நிமிடம். சோற்றில் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காயும் இல்லாமல் மல்லித்தூளும் இல்லாமல், ஆனால் தெரிந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்த மாதிரி இருக்கும்.

இதைச் செய்யும்போது இரண்டு பாடம் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒன்று, கீரையை எவ்வளவு வறுக்க வேண்டும் என்பது. இரண்டு, அவர்களுடைய அளவில் கீரை என்றால் எவ்வளவு என்பது. அடுத்த சமையலுக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவது நடை: காய்ந்த எலுமிச்சை

லீமு அமானி. பெயரில் ஓமன் இருக்கிறது, அந்தப் பக்கமிருந்து வந்த சரக்கு என்பதால். எலுமிச்சையை உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வெயிலில் கலகலவென்று காயவைத்தது, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, எடையே இருக்காது. வெளிர் பழுப்பிலும் கிடைக்கும், கறுப்பிலும் கிடைக்கும். ஈரானியக் குழம்புக்கு வெளிர் நிறமே போதும், கறுப்பு இன்னும் அழுத்தமாக இருக்கும். உப்பு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்ததும் ஒரு வாசம் வருமே, அதிலிருந்து உப்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் புகையைச் சேர்த்தால் லீமு அமானி. வாங்கும்போது பையைக் குலுக்கிப் பாருங்கள், நொறுங்கி ஓட்டை விழுந்தவை நிறைய இருந்தால் வேண்டாம், உள்ளே பூச்சி இருக்க வாய்ப்புண்டு. பொடியாகவும் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள், விதையும் சேர்த்து அரைத்திருந்தால் கசக்கும்.

இதற்குரிய சமையல் கொர்மே சப்ஜி. ஈரானியர் பத்துப் பேரிடம் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் பாதிப் பேராவது இதைத்தான் சொல்வார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். பார்வைக்கு ஒன்றுமில்லை, கறுப்பாக, அரைக்கீரை மசியலைக் கருகவிட்ட மாதிரி. பார்ஸ்லி, கொத்தமல்லி, தரே, கொஞ்சம் வெந்தயக்கீரை, இவற்றை நறுக்கி உறையவைத்து 'சப்ஜி கொர்மே' என்ற பெயரிலேயே ஃப்ரீசரில் விற்பார்கள். காய்ந்ததும் உண்டு. புதியவர்களுக்கு உறைந்ததுதான் என் சிபாரிசு. ஏற்கெனவே வறுத்தது என்று போட்டிருந்தாலும் வீட்டில் இன்னொரு தடவை எண்ணெயில் வறுக்கத்தான் வேண்டும், கரும்பச்சை வரும்வரை. கறி அரைக்கிலோ, ராத்திரி ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைத்து வேகவிட்ட ராஜ்மா ஒரு கிண்ணம், வெங்காயம், மஞ்சள். எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் சின்னத் தீ. குக்கரில் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் கறி வேகும், கீரை வேகாது, அது சேர்ந்து ஒன்றாவதற்கு நேரம்தான் வேண்டும். சைவர்கள் கறியை விட்டுவிட்டு ராஜ்மாவைக் கூட்டிக் காளான் சேருங்கள்.

எலுமிச்சையை எப்போது போடுவது? நாலைந்து பழம், முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது. குத்தாமல் போட்டால் பந்து மாதிரி மேலே மிதக்குமே தவிர குழம்பில் புளிப்பு இறங்காது. முழு நேரமும் போட்டால் உடைந்து விதை கசக்கும். நான் முதல் தடவை கெட்டிக்காரத்தனமாக ஆறு பழத்தை உடைத்து விதையோடு ஆரம்பத்திலேயே போட்டேன். வேப்பம்பூ ரசம் குடித்து வளர்ந்த என்னாலேயே அதைச் சாப்பிட முடியவில்லை. வெந்த பழம் நன்றாக ஊறியிருக்கும், தட்டில் வைத்துக் கரண்டியால் அமுக்கிச் சோற்றில் பிழிந்துகொள்பவர்கள் உண்டு, பிழிந்துகொள்ளாதவர்களும் உண்டு. பொட்டலத்தில் மிச்சமிருக்கும் எலுமிச்சையை ஒன்றே ஒன்று குத்தி மிளகு ரசத்தில் போட்டுப் பாருங்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோறு, அதன் அடியில் இருப்பது

இதைத் தனி நடையாக எண்ண வேண்டாம், மேலே சொன்ன எதற்கும் கூடவே வரும். நமக்கு இதில் பாதி வேலை தெரியும், ஏனென்றால் அவர்களும் சோறு வடிக்கிறவர்கள். நல்ல நீள பாஸ்மதியைக் கழுவி உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், உப்புத் தாராளம், அரிசியைப் போட்டு ஆறிலிருந்து எட்டு நிமிடம். ஒரு பருக்கையை எடுத்துக் கடித்தால் வெளியே மெத்து, நடுவில் ஒரு நூலளவு பச்சை. உடனே வடியுங்கள். நம் வழக்கத்தில் இங்கே முடிந்துவிடும், அவர்களுக்கு இங்கேதான் ஆரம்பம். அடி கனமான, ஒட்டாத பாத்திரத்தில் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, சூடானதும் அடியில் லவாஷ் ரொட்டியை வெட்டிப் பரப்புங்கள். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு வட்டம், அதுவும் இல்லாவிட்டால் தயிரும் குங்குமப்பூத் தண்ணீரும் கலந்த இரண்டு கரண்டிச் சோறு. அதன்மேல் மீதிச் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து ஓட்டை போட்டு, மூடியைச் சுத்தமான துணியில் சுற்றி மூடுங்கள். துணி எதற்கென்றால் ஆவி தண்ணீராகித் திரும்பச் சோற்றில் சொட்டாமல் இருக்க. துணி நுனியை மேலே கட்டிவிடுங்கள், அடுப்பில் தொங்கவிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் நடுத்தரத் தீ, பிறகு முக்கால் மணி நேரம் சிம்.

அடியில் பொன்னிறமாக, மொறுமொறுவென்று பிடித்திருப்பதற்குப் பெயர் தஹ்தீக், சட்டியின் அடி என்று அர்த்தம். நம் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும், பிள்ளைகள் மட்டும் காந்தலைச் சுரண்டித் தின்னும். அங்கே விருந்தாளிக்கு முதலில் வைப்பதே அதுதான், அது வரவில்லை என்றால்தான் சமைத்தவர் முகம் வாடும். முதல் மூன்று தடவை உங்களுக்கும் வராது, அல்லது கருகும். உங்கள் அடுப்பின் சிம் எவ்வளவு சிம் என்பது உங்களுக்குத்தான் தெரிய வேண்டும், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

இப்போது ஜெரெஷ்க். மிளகை விடக் கொஞ்சம் பெரிய, சிவப்பான, காய்ந்த பழம், பெரும்பாலும் தெற்கு கொராசானில் விளைவது. அவ்வளவு புளிப்புக்கு அவ்வளவு சிறிய பொருள் நான் பார்த்ததில்லை. பளிச்சென்ற சிவப்பாக இருப்பதை வாங்குங்கள், பழுப்புக்குப் போனது பழசு. வாங்கி வந்ததும் ஃப்ரீசரில் வைத்தால் நிறம் நிற்கும். கல், குச்சி பொறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துவிட்டு, வெண்ணெயில் மிகச் சின்னத் தீயில், ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் குங்குமப்பூத் தண்ணீர் சேர்த்து ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. உப்பியதும் இறக்குங்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் கரிந்துவிடும், கரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சோற்றின்மேல் தூவி, பக்கத்தில் தக்காளி விழுது சேர்த்து வைத்த கோழி, இது ஜெரெஷ்க் போலோ.

குங்குமப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தில் விளைவதில் பெரும்பகுதி ஈரானிலிருந்துதான், அதனால் இங்கே வாங்காமல் வேறெங்கே வாங்குவது. (கனடாவில் இது எளிது. அமெரிக்காவில் ஈரானியச் சரக்குக்குத் தடை இருப்பதால் அங்கே அலமாரியில் இருப்பது பெரும்பாலும் வேறு நாட்டுப் பெயரோடு இருக்கும்.) பழைய எடையான மெஸ்கால் கணக்கில், 4.6 கிராம் டப்பாக்களாக விற்பதுண்டு. ஒரு வருடத்துக்குத் தாராளம். சர்கோல் என்றால் சிவப்பு நுனி மட்டும், நெகின் என்றால் தடித்த முழுச் சிவப்பு இழை, பூஷால் என்றால் மஞ்சள் காம்பும் சேர்ந்தது, விலை குறைவு. பொடியாக விற்பதை வாங்காதீர்கள். இழையைப் பாலில் அப்படியே போடும் நம் பழக்கத்தை இதற்காவது விடுங்கள். சிட்டிகைச் சர்க்கரையோடு சின்ன உரலில் பொடித்து, இரண்டு ஸ்பூன் வெந்நீரோ அல்லது ஒரு ஐஸ் கட்டியோ போட்டு ஊறவையுங்கள். பத்து இழையில் வருகிற நிறத்தைப் பார்த்தால் இத்தனை காலம் எவ்வளவு வீணாக்கியிருக்கிறோம் என்று தோன்றும்.

நான்காவது: மாதுளைப் பாகு

ரொப்பே அனார். மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய கறுப்புப் பாகு. பின்பக்கத்தைப் படியுங்கள், மாதுளை மட்டும் இருந்தால் எடுங்கள், முதல் பொருளாகவே குளுக்கோஸ் பாகு என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மற்ற நாட்டுப் பாட்டில்களிலும் நல்லது உண்டு, 'சாஸ்' என்ற வார்த்தை இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். இதில் செய்வது ஃபெசென்ஜான். இரண்டு கிண்ணம் வால்நட்டை நைசாகப் பொடித்து, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, தண்ணீர் விட்டு, ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டால் மேலே எண்ணெய் மிதக்கும். அப்புறம் பாகு, வதக்கிய கோழி. வால்நட் விலையைப் பார்த்தால் மாதம் ஒரு தடவைக்கு மேல் செய்யத் தோன்றாது. ஈரானின் வடக்கே இருக்கும் கிலான் பக்கத்தார் புளிப்பாகவே வைப்பார்கள், மற்ற ஊரார் சர்க்கரை சேர்ப்பார்கள், இதில் சண்டையே நடக்கும். நான் கிலான் கட்சி.

ஈரானிய நண்பர் ஒருவர் வீட்டில் இதைச் சாப்பிட்டபோது அவருடைய அம்மா சொன்னது: வால்நட் சூடு, மாதுளை குளிர்ச்சி, அதனால்தான் இரண்டும் சேரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படியே எங்கள் பாட்டி. கர்மி, சர்தி என்று எல்லாச் சாப்பாட்டையும் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மீனுக்கு மேல் தயிர் கூடாது என்பதுகூட அங்கேயும் இருக்கிறது. வயிறு சரியில்லை என்றால் நபாத் கொடுப்பார்கள், குங்குமப்பூப் போட்டுக் குச்சியில் வளரவிட்ட கற்கண்டு, சூடான தேநீரில் கலக்குவது. கல்லாப் பக்கத்திலேயே இருக்கும், ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள்.

ஐந்தாவது: கஷ்க், கொஞ்சம் தைரியத்தோடு

வெள்ளையாக ஜாடியில் இருந்ததைப் பார்த்துத் தயிர் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தவன் நான். தயிர் இல்லை. கடைந்த மோரைக் கொதிக்கவிட்டு வடித்துக் காயவைத்தது, பிறகு கரைத்தது. உப்பு, புளிப்பு, அதோடு பழைய பாலாடைக்கட்டி போல ஒரு வாடை. பிடிக்க மூன்று தடவை ஆகும். உருண்டையாகக் காய்ந்ததும் உண்டு, ராத்திரி ஊறவைத்துத் தேய்க்க வேண்டும், அது இப்போது வேண்டாம். கடையில் மூடி முத்திரையோடு இருக்கும் ஜாடியை வாங்கி, தேவையானதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொதிக்கவைத்துச் சேருங்கள், பச்சையாக வேண்டாம்.

இரண்டு கத்திரிக்காயைத் தோல் சீவிப் பொரித்து, வதக்கிய வெங்காயம் பூண்டோடு தண்ணீர் தெளித்து வேகவைத்து மசித்து, நாலு கரண்டி கஷ்க். மேலே மொறுமொறு வெங்காயம், பிறகு புதினா எண்ணெய். காய்ந்த புதினாவைச் சூடான எண்ணெயில் போட்டுப் பத்தே விநாடியில் இறக்குவது, அதுதான் வாசனை. கஷ்கே பாதெம்ஜான் என்று பெயர். ரொட்டியோடு சாப்பிடுவது. சைவர்கள் ஈரானிய உணவகத்துக்குப் போனால் தைரியமாகக் கேட்கக்கூடிய ஒன்று இது. ஆஷ் ரெஷ்தே என்கிற நூடுல்ஸ், பயறு, கீரைக் கஞ்சியும் பார்த்தால் சைவம் போல இருக்கும், ஆனால் சில இடத்தில் எலும்புச் சாறு விடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் செய்தால் அந்த ரெஷ்தே நூடுல்ஸே உப்பு, கஷ்க் உப்பு, அதனால் நீங்கள் தனியாக உப்பே போடாதீர்கள்.

மற்றவை, போகிற போக்கில்

சுமாக் வாங்குங்கள், கபாபுக்குத்தான் என்றாலும் பச்சை வெங்காயத்தில் தூவினால் தயிர் சாதத்துக்குப் போதும். கோல்பர் பொடி கிடைத்தால் கொஞ்சமாக. இங்கிலீஷில் ஏஞ்சலிகா என்று தவறாக எழுதியிருக்கும், மாதுளை முத்தில் உப்போடு தூவுவது, வாசம் சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. தோர்ஷி ஊறுகாயில் எண்ணெய் இருக்காது, முழுக்க வினிகர். நம் ஊறுகாயை எதிர்பார்க்காதீர்கள். பல வருடம் ஊறிக் கறுத்த பூண்டு தோர்ஷி மட்டும் எப்படியாவது ஒரு பல் தின்று பாருங்கள். தூக் என்பது மோர், சிலவற்றில் சோடா ஏற்றியிருப்பார்கள், திறக்குமுன் குலுக்கினால் சட்டை போச்சு. கெய்மே என்ற குழம்புக்கு லப்பே என்று ஒரு பருப்பு கேட்பார்கள், வீட்டுக் கடலைப்பருப்பே போதும், எண்பது சதவீதம் அதேதான் என்பது என் நாக்கின் கணக்கு. பாட்டிலில் 'அரக்' என்று போட்டிருப்பதைப் பார்த்து வேறு மாதிரி நினைக்க வேண்டாம், புதினா, காசினி முதலியவற்றை வாலையில் வடித்த தண்ணீர் அது, சர்பத்தில் கலப்பது. இனிப்புப் பக்கம் நான் உங்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, பஷ்மக் பஞ்சு மிட்டாய்க்கும் சோன் பப்டிக்கும் நடுவில் இருக்கும், அவ்வளவு சொன்னால் போதும். பாம் ஊர் மொஜாஃபதி பேரீச்சை மெத்தென்று ஈரமாக இருக்கும், ஃப்ரிட்ஜ் பக்கம் தேடுங்கள், அலமாரியில் இல்லை.

எப்போது போவது என்றால், மார்ச் மாதம் அவர்கள் புது வருடமான நவ்ரூஸுக்கு முந்தின வாரம் போனால் கடை திருவிழாவாக இருக்கும், முளைவிட்ட கோதுமைத் தட்டு, சமனு என்கிற கோதுமை முளைக் களி, பூச்சட்டி, கால் வைக்க இடமிருக்காது. வேடிக்கை பார்க்க அன்று போங்கள், சரக்கு வாங்கக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வசந்தம் முழுவதும் வாசலிலேயே ஒரு பெட்டியில் கோலி அளவு பச்சைக் காய் குவிந்திருக்கும், கோஜே சப்ஸ், பழுக்காத பிளம். இதற்குச் சமையல் எதுவும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்று தின்ற மாதிரி உப்பைத் தொட்டுத் தொட்டுக் கடிக்க வேண்டியதுதான். பஸ்ஸில் திரும்பும்போதே பாதி தீர்ந்துவிடும், அதனால் பையில் கொஞ்சம் உப்பு எடுத்துப் போங்கள், கூடவே துளி மிளகாய்த்தூளும். உள்ளே கொட்டை உண்டு, பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.